திருட்டுப் படத்தால் சினிமாவுக்கு எவ்வளவு நட்டம்? – ஒரு மொத்த வியாபாரியின் கணக்கு



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, பீர்க்கன்கரணையில் உள்ள என் கிடங்கில் பருப்பு மூட்டை இறக்கிக் கொண்டிருந்தார்கள். சரக்கு எடுக்க வந்த ஒரு மளிகைக் கடைக்காரரின் பையன், மூட்டை மேல் உட்கார்ந்து செல்போனில் படம் பார்த்துக் கொண்டிருந்தான். முந்தின நாள்தான் தியேட்டருக்கு வந்த படம். "காசு கட்டிப் பார்க்கிறாயா தம்பி?" என்று கேட்டேன். சிரித்தான். அவனுடைய முதலாளி குறுக்கிட்டு, "விடுங்க அண்ணாச்சி. இவன் ஒருத்தன் செல்லுல பார்த்தா, கோடிக்கணக்குல போட்டுப் படம் எடுத்தவனுக்கு என்ன குறைஞ்சிடப் போவுது?" என்றார்.

இருபது வருடங்களுக்கு முன்பு இதே கேள்வியைக் கேட்டிருந்தால் அவரிடம் சண்டைக்குப் போயிருப்பேன். ஏனென்றால் அப்போது நானும் சினிமாவில் முதல் போட்டு நட்டப்பட்டவன். இப்போது கோபம் வரவில்லை. கேள்வி நியாயமான கேள்வி என்று பட்டது. 'கொள்ளை போகிறது' என்று தயாரிப்பாளர் சொல்கிறார். 'ஒன்றும் குறையாது' என்று பார்க்கிறவர் சொல்கிறார். இரண்டு பேருமே கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. வியாபாரிகளாகிய நாம் போட்டுப் பார்ப்போமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

மூட்டை திருட்டு வேறு, முத்திரை திருட்டு வேறு

என் கிடங்கிலிருந்து ஒரு மூட்டை துவரம்பருப்பு திருடு போனால் நட்டம் எவ்வளவு? ஒரு மூட்டையின் கொள்முதல் விலை. இருப்புப் புத்தகத்தில் ஒன்று குறையும். இதில் வாதத்துக்கு இடமில்லை.

படத்தைத் திருடினால் இருப்பு குறைவதில்லை. படம் அப்படியே இருக்கிறது. தியேட்டரில் நாற்காலியும் அப்படியே இருக்கிறது. குறையக்கூடியது சரக்கு அல்ல, வாடிக்கையாளர். ஆகவே இது நம் பெயர் போட்ட பெருங்காய டப்பாவை வேறொருவன் போலியாக அச்சடித்து விற்பதற்குச் சமம்.

போலி டப்பா நூறு விற்றால் நமக்கு நூறு டப்பா வியாபாரம் போய்விட்டது என்று சொல்ல முடியுமா? போலியை வாங்கியவர்கள் மூன்று வகை. முதல் வகை, போலி கிடைக்காவிட்டால் நம்முடையதை வாங்கியிருப்பவர். இவர்தான் உண்மையான நட்டம். இரண்டாம் வகை, மலிவாகக் கிடைத்ததால் மட்டும் வாங்கியவர். போலி இல்லாவிட்டால் பெருங்காயம் இல்லாமலே ரசம் வைத்திருப்பார். இவரால் நமக்கு நட்டமில்லை. மூன்றாம் வகை, போலியை ருசி பார்த்துவிட்டு, அடுத்த முறை நல்லதே வாங்குவோம் என்று நம்மிடம் வருபவர். இவரால் லாபம்கூட உண்டு. ஆனால் இப்படிப்பட்டவர் குறைவு.

சினிமாக்காரர்கள் 'இத்தனை லட்சம் பேர் இணையத்தில் பார்த்தார்கள்' என்று சொல்லி, அதை டிக்கெட் விலையால் பெருக்கி நட்டம் காட்டும்போது, மூன்று வகையையும் ஒரே வகையாகச் சேர்த்துவிடுகிறார்கள். கடன் நோட்டில் எழுதியிருப்பதை எல்லாம் வசூலான பணம் என்று எண்ணிக் கொள்வது போன்ற கணக்கு இது. அப்படி எண்ணிய கடைக்காரர் எவரும் நிலைத்ததில்லை.

அதற்காக, முதல் வகை வாடிக்கையாளரே இல்லை என்று சொல்வதும் தவறு. அவர் எவ்வளவு பேர் என்பதுதான் கேள்வி.

டெக்கு எடுத்த காலம்

இந்தத் திருட்டு இணையத்தோடு பிறந்ததல்ல. 1980-களில் சனி, ஞாயிறுகளில் டெக்கும் டி.வி.யும் வாடகைக்கு எடுத்து, ஒரே இரவில் மூன்று படம் போட்டு, தெருவே பாயை விரித்து உட்கார்ந்து பார்த்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். பிறகு கேபிள் டி.வி. வந்தது. அதன் பின் வி.சி.டி. வந்தது. பர்மா பஜாரில் வாங்கி வந்து புறநகர் பேருந்து நிறுத்தங்களில் விரித்து வைத்து விற்றார்கள். இந்தத் தொல்லை பெருகியதால்தான் 1982-ஆம் வருடத்துக் குண்டர் தடுப்புச் சட்டத்தில், 2004-ல் வீடியோ திருட்டில் ஈடுபடுவோரையும் தமிழக அரசு சேர்த்தது.

டெக்கு, கேபிள் காலத்தால் என்ன ஆயிற்று என்பதைத் தெலாங், வால்ட்ஃபோகல் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். இந்திப் படவுலகின் 1985 முதல் 2000 வரையிலான நிலையை எடுத்துக் கொண்டார்கள். அந்தக் காலத்தில் படங்களின் வருமானம் குறைந்தது. அதைத் தொடர்ந்து புதிய படங்கள் எடுப்பதும் குறைந்தது என்று கண்டார்கள். நட்டம் அன்றைய படத்தோடு நிற்பதில்லை. அடுத்த வருடம் எடுக்கப்பட வேண்டிய படம் எடுக்கப்படாமலே போகிறது. சந்தையில் விலை கிடைக்காத விவசாயி அடுத்த பருவத்தில் அந்தப் பயிரையே விட்டுவிடுவது போல. எடுக்கப்படாத படத்தில் வேலை கிடைக்காமல் போன லைட்மேனும் தையல்காரரும் சமையல்காரரும் எந்தப் புள்ளிவிவரத்திலும் வரமாட்டார்கள்.

பெரிய படங்கள் சொல்லும் கதை

இனி இணைய காலத்துக்கு வருவோம். 2018-ஆம் வருடம் நவம்பர் மாதம் '2.0' வெளிவந்தது. வெளியீட்டுக்கு முன்பே தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போய், 12,000-க்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்க உத்தரவு வாங்கியது. அப்படியிருந்தும் படம் வெளியான அன்றே இணையத்தில் வந்துவிட்டது. அதே மாதம் தீபாவளிக்கு வந்த 'சர்கார்' படத்துக்கும் இதே கதி. 2019 ஜனவரி 10-ஆம் தேதி 'பேட்ட', 'விஸ்வாசம்' இரண்டும் ஒரே நாளில் வந்தன. இரண்டும் திருட்டுத் தளத்தில் வந்தன. இரண்டும் நன்றாகவே ஓடின. 2021 பொங்கலுக்கு வந்த 'மாஸ்டர்' படத்தின் காட்சிகள் வெளியீட்டுக்கு முன்பே கசிந்தன. தியேட்டர்களில் பாதி இருக்கைகளுக்குத்தான் அனுமதி. இருந்தும் கூட்டம் அலைமோதியது.

2018 மார்ச்சில் கேரள போலீசார் 'தமிழ் ராக்கர்ஸ்' தளத்தோடு தொடர்புடையவர்கள் என்று சிலரைக் கைது செய்தார்கள். பின்னாளில் அந்தப் பெயரும் மறைந்தது. வேறு பெயர்கள் வந்தன. ஒரு எலியைப் பிடித்தால் கிடங்கு சுத்தமாகிவிடாது என்பது நமக்குத் தெரியாததா?

இதையெல்லாம் பார்த்து, 'திருட்டுப் பிரதி வந்தும் படம் ஓடுகிறதே, பிறகென்ன நட்டம்?' என்று கேட்கிறார்கள். இங்கேதான் கவனம் தேவை. பெரிய நடிகரின் படத்துக்கு முதல் மூன்று நாள் டிக்கெட் முன்பே விற்றுத் தீர்ந்திருக்கிறது. அந்தக் கூட்டம் திருவிழாவுக்குப் போகிற கூட்டம். செல்போனில் தேர் பார்த்தால் போதும் என்று எந்த பக்தரும் வீட்டில் இருப்பதில்லை. ஆகவே பெரிய படங்களை மட்டும் வைத்து முடிவு கட்டினால், தீபாவளி வாரத்து வியாபாரத்தை வைத்து வருட லாபம் கணக்கிட்டது போலாகும்.

ஆந்திரத்தில் 2013-ல் 'அத்தாரிண்டிகி தாரேதி' என்ற தெலுங்குப் படம் வெளியாகும் முன்பே, சுமார் ஒன்றரை மணி நேரப் படம் வெளியே வந்துவிட்டது. தயாரிப்பாளர் வெளியீட்டை முன்னுக்குத் தள்ளி செப்டம்பர் 27-ஆம் தேதியே வெளியிட்டார். படம் பெரும் வெற்றி. 2016-ல் 'கிரேட் கிராண்ட் மஸ்தி' என்ற இந்திப் படம் இரண்டு வாரத்துக்கு மேல் முன்னதாகவே முழுவதும் கசிந்தது. அவர்களும் வெளியீட்டை முன்னுக்குத் தள்ளினார்கள். படம் படுத்துவிட்டது. விமரிசனங்களும் மோசம். திருடன் ஒரே மாதிரி வந்தான். விளைவு ஒரே மாதிரி இல்லை. சரக்கும், அதற்குக் காத்திருந்த வாடிக்கையாளரும் வேறு வேறு.

வெளிநாட்டார் எடுத்த கணக்கு

இந்த விஷயத்தில் மேல்நாட்டில் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. நமக்குப் பயன்படும் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. படம் தியேட்டருக்கு வரும் முன்பே கசிந்தால், வந்த பிறகு கசிவதை விட, தியேட்டர் வருமானம் சுமார் 19 சதவீதம் குறைகிறது என்கிறது அது. அதாவது திருட்டு நடக்கிறதா என்பதை விட, எந்த நாளில் நடக்கிறது என்பது முக்கியம்.

இரண்டாவது, ஐரோப்பிய கமிஷனுக்காகச் செய்யப்பட்டு 2017-ல் வெளியே வந்த ஆய்வு. பாட்டு, புத்தகம், விளையாட்டு முதலியவற்றில் திருட்டுப் பிரதியால் விற்பனை குறைந்ததற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை என்றார்கள். ஆனால் புதிதாக வந்த பிரபலமான படங்களில் மட்டும் நட்டம் தெரிந்தது. பத்துப் படம் திருட்டில் பார்த்தால், காசு கொடுத்துப் பார்ப்பது நான்கு குறைகிறது என்பது அவர்கள் கணக்கு. பத்துக்குப் பத்தும் அல்ல, பூஜ்யமும் அல்ல, பத்துக்கு நான்கு. நமது மூன்று வகை வாடிக்கையாளர் கணக்கோடு இது ஒத்துப் போவதைப் பாருங்கள்.

மூன்றாவது விசித்திரமானது. 2012 ஜனவரியில் 'மெகாஅப்லோட்' என்ற பெரிய தளத்தை அமெரிக்க அரசு மூடியது. மூடிய பிறகு இணையம் வழியாகப் படங்களை முறையாக விற்பதும் வாடகைக்கு விடுவதும் 6.5 முதல் 8.5 சதவீதம் வரை கூடின என்று ஒரு ஆய்வு சொன்னது. ஆனால் தியேட்டர் வசூலைப் பார்த்த வேறு ஆய்வாளர்கள், மிகப் பெரிய படங்கள் லாபமடைந்தன, நடுத்தர, சிறிய படங்களின் வசூல் குறைந்தது என்று கண்டார்கள். ஓசியில் பார்த்தவர்கள் நாலு பேரிடம் சொல்லிப் பரப்பியது நின்று போனதே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

அப்படியானால் சிறிய படத்துக்குத் திருட்டுப் பிரதி இலவச விளம்பரமா? இதற்குப் பதில் என் சொந்த அனுபவத்தில் இருக்கிறது.

செங்கல்பட்டு ஏரியாவில் நான் படித்த பாடம்

தமிழ்நாட்டில் படங்களை ஏரியா பிரித்து விற்பார்கள். நம் தாம்பரம் பகுதி செங்கல்பட்டு ஏரியாவில் வரும். படத்தை 'அவுட்ரைட்' ஆக வாங்கினால் லாப நட்டம் முழுவதும் வாங்கியவருடையது. நாம் திருப்பி எடுக்காத சரக்கு என்று சொல்கிறோமே, அது. 'கமிஷன்' முறையில் எடுத்தால், விற்ற அளவுக்குக் கணக்கு.

2004-ல் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து, ஆளுக்கு 4 லட்சம் போட்டு, புதுமுகங்கள் நடித்த ஒரு சிறிய படத்தை இந்த ஏரியாவுக்கு அவுட்ரைட்டாக வாங்கினோம். பாட்டுகள் டீக்கடைகளில் ஒலித்துக் கொண்டிருந்தன. அதை நம்பினோம். வெள்ளிக்கிழமை படம் வந்தது. திங்கட்கிழமை காலை, பேருந்து நிறுத்தத்தில் 30 ரூபாய்க்கு வி.சி.டி. வந்துவிட்டது. வியாழக்கிழமை தியேட்டர்காரர்கள் படத்தை எடுத்துவிட்டார்கள். மூவரில் ஒருவர் வட்டிக்கு வாங்கிப் போட்டிருந்தார். ஆறு மாதத்தில் கடையை விற்றுவிட்டு ஊருக்குப் போனார். "வி.சி.டி.காரன் என் குடியைக் கெடுத்துட்டான் அண்ணாச்சி" என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

பல வருடம் கழித்துப் பழைய கணக்குகளை ஒழுங்குபடுத்தும்போது அந்தப் படத்தின் தினசரி வசூல் சீட்டுகள் கிடைத்தன. உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு, அதாவது வி.சி.டி. வருவதற்கு முன்பே, நாங்கள் எதிர்பார்த்ததில் பாதிகூட வசூலாகவில்லை. வெள்ளிக்கிழமை முதல் காட்சியில் முக்கால்வாசி நாற்காலி காலி. அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய படம் வருகிறது என்பது தெரிந்தே தேதி வைத்திருந்தோம். பாட்டைக் கேட்டுவிட்டு, படத்தைப் பார்க்காமல் விலை பேசியிருந்தோம். மூட்டையைக் குத்திப் பார்க்காமல் அரிசி வாங்கியது நாங்கள். வி.சி.டி. வராமலே இருந்தாலும் எங்கள் நட்டத்தில் பெரும் பகுதி வந்தே தீர்ந்திருக்கும்.

ஆனால் சீட்டுகளில் இல்லாத இன்னொன்றும் என் நினைவில் இருந்தது. படம் தியேட்டரை விட்டுப் போன பிறகு, அடுத்த பத்து நாளில் என் கடைக்கு வந்த ஆறேழு பேர், "நல்ல படமாச்சே, ஏன் எடுத்துட்டாங்க?" என்று கேட்டார்கள். ஒருவர்கூடத் தியேட்டரில் பார்த்தவர் இல்லை. எல்லோரும் வி.சி.டி.யில் பார்த்தவர்கள். விளம்பரம் நடந்தது உண்மை. ஆனால் விளம்பரம் வந்து சேரும்போது எங்கள் கடை மூடியிருந்தது.

சினிமா தக்காளியைப் போன்ற சரக்கு. காலையில் விற்க வேண்டியதை மாலையில் அதே விலைக்கு விற்க முடியாது. சிறிய படத்துக்கு முதல் நாள் கூட்டம் கிடையாது. பார்த்தவர் சொல்லித்தான் நாலாம் நாள், ஐந்தாம் நாள் கூட்டம் வர வேண்டும். அந்த நாலாம் நாளில் திருட்டுப் பிரதி ஊரெல்லாம் இருந்தால், வாய்வழிச் செய்தி தியேட்டருக்குப் போகாமல் அங்கே போய்விடுகிறது. தியேட்டரில் ஆறு வாரம் படம் நிற்கும் நாட்டில் ஓசிப் பேச்சு சிறிய படத்துக்கு உதவலாம். ஒரு வாரம்கூட நிற்காத நம் ஊரில் அந்த உதவி காலம் கடந்தே வருகிறது.

ஊருக்குப் போன அந்த நண்பரிடம் இந்தக் கணக்கைச் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. சொல்லியிருந்தால் அவர் முதல் திரும்பி வந்திருக்காது. ஆனால் இன்னொரு தடவை முதல் போடும்போது எங்கே தவறு என்று அவருக்குத் தெரிந்திருக்கும். திருடன் மேல் முழுப்பழியும் போட்டுவிட்டால், நம் தவறு கணக்கில் ஏறாமலே போய்விடுகிறது.

நேர்வழியில் கிடைக்காத சரக்கு

வாடிக்கையாளர் ஏன் திருட்டுப் பிரதிக்குப் போகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். 2017 அக்டோபரில் தமிழக அரசு மல்டிபிளெக்ஸ் கட்டணத்தின் உச்சவரம்பை 150 ரூபாயாக உயர்த்தியது, வரி தனி. நான்கு பேர் உள்ள குடும்பம் டிக்கெட், வண்டி நிறுத்தம், இடைவேளைத் தீனி என்று செலவு செய்தால், ஒரு வாரத்து மளிகைப் பணம் போய்விடுகிறது. கூலி வேலை செய்பவர் வீட்டில் இது நடக்காது. அவர் செல்போனில் பார்த்தால், அந்தத் தொகை முழுவதும் நட்டம் என்று எழுத முடியாது. அவர் முன்பு சொன்ன இரண்டாம் வகை.

கேட்கும் சரக்கு நம் கடையில் இல்லாவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். 2007 டிசம்பரில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி, ஆப்பிள் நிறுவனத்தின் இணையக் கடையிலிருந்து தன் தொடர்களை எடுத்துவிட்டது. உடனே அந்தத் தொடர்களின் திருட்டு 11 சதவீதம் கூடியது என்று ஒரு ஆய்வு கண்டது.

நம் ஊரிலும் முயற்சிகள் நடந்தன. 2013 ஜனவரியில் கமல்ஹாசன் 'விஸ்வரூபம்' படத்தை 1,000 ரூபாய் கட்டணத்தில் டி.டி.எச். மூலம் வீட்டுக்கே கொடுக்க முன்வந்தார். தியேட்டர் உரிமையாளர்கள் எதிர்த்தார்கள்; திட்டம் நின்றது. 2015 மார்ச்சில் இயக்குநர் சேரன் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை 50 ரூபாய் டி.வி.டி.யாக வீட்டுக்கு வீடு கொண்டு போகப் பார்த்தார். அது நிலைக்கவில்லை. ஆனால் எண்ணம் சரியானதுதான் என்பதை 2020-க்குப் பின் வந்த காலம் காட்டியது. 'சூரரைப் போற்று' அந்த வருடம் நவம்பரில் நேரே ஓ.டி.டி.யில் வந்தது. 'மாஸ்டர்' தியேட்டருக்கு வந்து 16 நாள் கழித்தே ஓ.டி.டி.க்கு வந்துவிட்டது. முறையான வழி அருகிலும் மலிவாகவும் இருந்தால், முதல் வகை வாடிக்கையாளரில் பலர் திரும்பி வருவார்கள். ஆனால் ஓ.டி.டி.யில் நல்ல பிரதி வந்த அன்றே திருட்டுத் தளத்திலும் அதே தரத்தில் வந்துவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மருந்து உண்டு, முழுக் குணம் இல்லை.

நம் கடைகளுக்கு வரும் ஆபத்து

சினிமா நட்டம் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. மளிகையோடு செல்போன் ரீசார்ஜ் வைத்திருக்கும் நம் சிறு கடைகள் சிலவற்றில், மெமரி கார்டில் புதுப்படம் ஏற்றித் தரும் பழக்கம் இருந்தது. இன்றும் பென்டிரைவில் கேட்டு வருபவர்கள் உண்டு. இருபது ரூபாய் வரவுக்காக எவரும் இதைச் செய்ய வேண்டாம். 1957-ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் உண்டு. இதையே வாடிக்கையாகச் செய்பவர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தால், விசாரணை இல்லாமலே ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். தியேட்டரில் செல்போனால் படம் பிடிப்பவருக்கு, 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி, மூன்று மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, குறைந்தது 3 லட்சம் அபராதம். அதிகபட்சம் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம். கடைப் பையன்களுக்கு இதை எடுத்துச் சொல்வது முதலாளியின் கடமை.

முடிவாக

1. திருட்டுப் பிரதியால் சினிமாவுக்கு நட்டம் உண்டு. ஆனால் பார்த்த தலைகளை எண்ணி டிக்கெட் விலையால் பெருக்கும் கணக்கு தவறு.

2. வெளியீட்டுக்கு முன்னும், முதல் வாரத்திலும் வரும் பிரதிதான் கொல்கிறது. மாதங்கள் கழித்து வருவது அவ்வளவு பாதிப்பதில்லை.

3. பெரிய படம் தாங்கிக் கொள்ளும். வாய்வழிச் செய்தியை நம்பியிருக்கும் சிறிய படம்தான் நம் ஊரில் அடிபடுகிறது.

4. விலையும், கிடைக்கும் வசதியும் சரியாக இருந்தால் திருட்டு குறையும், ஒழியாது.

5. நட்டம் வந்தால் முதலில் நம் கொள்முதலைச் சரிபார்க்க வேண்டும். பிறகுதான் திருடனைத் தேட வேண்டும். போலிச் சரக்காலும், செல்போனில் ஆர்டர் எடுத்துப் பத்து நிமிடத்தில் கொண்டு தரும் கம்பெனிகளாலும் நாம் படும் பாட்டுக்கும் இதே கணக்கு பொருந்தும்.

அந்தக் கடைக்காரர் மறுவாரம் சரக்கு எடுக்க வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ பத்துல நாலு பேர்னு வையுங்க. நம்ம பையன் அந்த நாலுல ஒருத்தனா, மீதி ஆறுல ஒருத்தனா அண்ணாச்சி?" என்று கேட்டார். பையனையே கூப்பிட்டுக் கேட்டோம். தலையைச் சொறிந்து கொண்டு, "லீவு குடுத்தா தியேட்டருக்கே போயிருப்பேன்" என்றான்.

அடுத்த ஞாயிறு மதியம் அவனுக்கு லீவு கொடுப்பதாக முதலாளி ஒப்புக் கொண்டிருக்கிறார். டிக்கெட் என் கணக்கில்.